ராசிபலனுக்குக் கொடுக்காத பக்கம்

"உங்க பக்கத்தை யாரும் படிக்கறதில்லேம்மா" என்று ஃபோனில் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். மும்பை மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாதப் பத்திரிகை அது. "அங்க ராசிபலன் போடலாம்னு கமிட்டியில சொல்றா. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராசிபலனா? மறந்துபோன பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து நான் எழுதும் பக்கத்தில் ராசிபலனா? எழுதியவர் இறந்து அறுபது வருஷம் தாண்டிவிட்டால் புத்தகம் ஊர்ப் பொதுச் சொத்து. யாரும் அச்சடிக்கலாம், யாரும் படிக்கலாம், யாரிடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடக்கின்றன. கிடக்கின்றன, அவ்வளவுதான். எடுத்துப் பார்க்க நாதியில்லை. அந்த ஒரு பக்கமும் போனால் அவற்றைப் பற்றிப் பேச மும்பையில் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை செம்பூரில் ரயில் ஏறியவுடன், லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், எனக்கு எப்போதும் இடம் பிடித்து வைக்கும், நெருளிலிருந்து வரும் நர்ஸிடம் கொட்டித் தீர்த்தேன். மடியில் ஒரு பையை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னத்தக்கா எழுதியிருக்கிய? குடுங்க பாப்போம்."

இந்த மாசக் கட்டுரையைக் கொடுத்தேன். அரைப் பத்தி படித்தாள். கொட்டாவி விட்டாள், படுபாவி.

"யக்கா, எந்த அச்சகம், எத்தனாம் பதிப்பு, அட்டை என்ன நிறம்னு எழுதியிருக்கிய. கதை எங்க?"

சுருக்கென்றது. ஆராய்ச்சி மாநாட்டில் வாசிப்பதைப் போலத்தான் எல்லாக் கட்டுரையையும் ஆரம்பித்திருந்தேன். வேலைக்கு ஓடுகிறவள் அதை ஏன் படிக்கப்போகிறாள்?

"கதைதானே? கேளு" என்று வீம்புக்கு ஆரம்பித்தேன். பெயரே யாருக்கும் தெரியாத ஒரு பெண் எழுதிய நாவல். புருஷனை இழந்த மருமகள் ஒருத்தி. அவளுடைய நிலத்தைப் பறிக்கக் கொழுந்தன்மார் திட்டம் போடுகிறார்கள்; மாமியார் அவர்களை எதிர்த்து வாயைத் திறப்பதில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்தவள் காது போய்விட்டதென்று நடிக்கிறாள். அவ்வளவுதான், எல்லாரும் அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசுகிறார்கள்.

"கெட்டிக்காரி!" என்றாள் நர்ஸ். பட்டாணி உரிப்பது நின்றுவிட்டது. எதிர் சீட்டில் இருந்த தாராவிப் பெண் இயர்ஃபோனைக் கழற்றினாள். மராத்திக்காரி ஒருத்தி "க்யா ஹுவா?" என்று கேட்க, தாராவிப் பெண் அவளுக்கு ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். வடாலா வருவதற்குள் எங்களைச் சுற்றிக் கூட்டம். சின்னக் கொழுந்தனுக்குச் சந்தேகம் வருகிறது. சோதித்துப் பார்க்க, அவள் முதுகுக்குப் பின்னால் பித்தளைக் குடத்தை ணங்கென்று கீழே போடுகிறான்.

கடைசி ஸ்டேஷனான வி.டி. வந்துவிட்டது. இறங்கினேன்.

"ஆன்ட்டி, சீட்டிங்! அவ திரும்பினாளா இல்லையா?" என்று தாராவிப் பெண் பிளாட்ஃபாரத்தில் துரத்திக்கொண்டே வந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! செத்துப்போன ஒருத்தியின் குடம் மும்பை ரயிலில் விழுந்து சத்தம் கேட்டிருக்கிறது.

அன்று இரவே கடைசிக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். அச்சகம் இல்லை, பதிப்பு இல்லை. ரயிலில் சொன்னபடியே, நர்ஸின் "கெட்டிக்காரி" உட்பட. குடம் விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். என் பக்கத்தையே நிறுத்தப்போகிறவர்கள் அவர்கள், கதையை நான் மட்டும் ஏன் முடிக்க வேண்டும்?

பத்திரிகை வந்ததும் டப்பாவில் கொடுத்தேன். "எனக்குத் தமிழ் படிக்க வராதே" என்றாள் தாராவிப் பெண். "உங்க அம்மாவைப் படிக்கச் சொல்லு" என்றேன். அம்மா படித்திருக்கிறாள். பக்கத்து வீடுகளையும் கூட்டிவைத்துப் படித்திருக்கிறாள். நெருளில் சர்ச் முடிந்து நர்ஸ் தன் பங்குக்கு அங்கிருந்தவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். எல்லாரும் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். நான் மசியவில்லை. "என் பக்கம் நின்னு போச்சு. மீதி வேணும்னா மாட்டுங்காவுல போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தது. ஆசிரியர். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்னம்மா இது? தாராவியிலேர்ந்து, நெருள்லேர்ந்து பொம்மனாட்டிகளா வந்து ஆபீஸ்ல உக்காந்திருக்கா. மிஞ்சின காப்பியெல்லாம் காலி. அந்த மருமகள் இப்போ எந்த ஊர்ல இருக்காள்னு ஒரு மாமி கேக்கறா! நான் என்னத்தைச் சொல்றது?"

"முதல்ல என் பக்கத்துக்குப் பதில் சொல்லுங்க சார். இருக்கா, இல்லையா?"

"இருக்கு, இருக்கு! ரெண்டு பக்கமா எடுத்துக்கோங்கோ. ராசிபலனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு கமிட்டிக்காராளே சொல்லியாச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மட்டும் சொல்லுங்கோம்மா. அவள் திரும்பினாளா?"

"திரும்பல சார்."

"அப்பாடா! அப்போ அவளுக்குக் காது கேக்கும்னு அந்த மாமியாருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாதா?"

"மாமியாருக்கு முதல் நாளே தெரியும் சார். பிள்ளைகளை எதிர்த்துப் பேச அவளுக்குத் தைரியமில்லை. அதனாலதான் ஒவ்வொரு திட்டத்தையும் மருமகள் பக்கத்துல உட்கார வெச்சே பேச வெச்சா."

ஆசிரியர், ஃபோனை வைக்காமலே, அங்கிருந்த பெண்களைப் பார்த்துக் கத்தினார்: "அம்மா, எல்லாரும் உக்காருங்கோ, நானே சொல்றேன்!"