பெட்டியைத் திறந்த நவமணி

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த நவமணிக்கு, ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது பத்தொன்பது வயது. பூதக்கண்ணாடியில் குனிந்து, கறுப்புச் சில்லுகளின் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கால் முளைத்த அவற்றைப் பெண்கள் ‘பூச்சி’ என்பார்கள். பூச்சிகள் எங்கே போய் என்ன செய்கின்றன என்று கேட்டால், “அமெரிக்கா போகுது லா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஆர்டர் குறைந்தது. ஆட்களை நிறுத்தினார்கள், நவமணியும் வெளியே வந்தாள்.

“தோட்டத்துக்கே வந்துரு தாயி, பால் வெட்ட மரம் காலியா இருக்கு” என்று அம்மா காளியம்மா கூப்பிட்டாள். நவமணிக்கு மனம் வரவில்லை. ஈப்போவில் யாழ்ப்பாணத்துச் சந்திரமதி டீச்சர் நடத்திய தட்டச்சு வகுப்பில் சேர்ந்தாள்.

டீச்சர் துணிந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். புதிதாக வந்த கணக்குப் புரோகிராம் அதில் ஓடவில்லை, மெமரி போதாது. கூடுதல் மெமரிச் சில்லுகள் வந்து சேர்ந்தும், பொருத்த வேண்டிய கடைக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். பொறுமை இழந்த டீச்சர் ஒரு மதியம் பொட்டலத்தைப் பிரித்ததும் நவமணி கூவிவிட்டாள்.

“டீச்சர், இது நம்ம பூச்சி!”

“நீர் இதை உள்ளுக்குப் பொருத்திப் பூட்டுவீரோ?”

“பெட்டிக்குள்ள நான் பார்த்ததே இல்ல டீச்சர். ஆனா இதை எப்படித் தொடணும்னு தெரியும்.”

“அப்ப நான் புத்தகத்தை வாசிக்கிறன். நீர் கையை வையும்.”

நவமணி மின்கம்பியைப் பிடுங்கினாள். மேசையைக் கம்பளத்திலிருந்து சிமெண்டுத் தரைக்கு இழுத்தாள். நைலக்ஸ் சேலையோடு நெருங்கிய டீச்சரைத் தடுத்தாள்.

“முதல்ல பெட்டியோட இந்த இரும்பைத் தொடுங்க. நம்ம உடம்புல ஏறியிருக்கிற கரண்டு நமக்குத் தெரியாது. ஆனா பூச்சி செத்துரும்.”

மூடியைக் கழற்றியதும் அவள் அசையாமல் நின்றாள். பச்சைப் பலகையில் வரிசை வரிசையாகப் பூச்சிகள். இத்தனை வருடம் கண்ணெரியப் பார்த்து அனுப்பியதெல்லாம் இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

டீச்சர் வாசிக்க வாசிக்க, காலைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூடிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி கீச்சிட்டது, திரையில் பிழை என்று வந்தது. டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

“செத்துப்போச்சோ?”

“தெரியல டீச்சர். திறந்து பார்த்துருவோம்.”

மறுபடியும் கம்பியைப் பிடுங்கி, இரும்பைத் தொட்டுவிட்டுத் தேடினாள். ஒரு சில்லின் கால் குழிக்குள் இறங்காமல் அடியில் மடங்கிக் கிடந்தது. மெல்ல நெம்பி எடுத்து, இடுக்கியால் நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார வைத்தாள்.

இந்த முறை திரையில் மெமரியை எண்ணும் எண்கள் ஓடின. பழைய அளவைத் தாண்டியும் நிற்காமல் ஏறின. டீச்சர் நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் சிரித்தார்.

அடுத்த வருடமே வகுப்பின் பெயர்ப்பலகையில் ‘கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப்படும்’ என்று ஒரு வரி கூடியது. அதைப் பார்த்துவிட்டு ஹுத்தான் மெலிந்தாங் ஊரைச் சேர்ந்த சீன மீன் முதலாளி ஒருவர் தன் பெட்டியை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். செய்யப்போவது யார் என்று மலாயில் கேட்டார்.

“நான்தான் செய்வேன், தவுக்கே” என்று முதலாளியிடம் மலாயிலேயே சொல்லி, நவமணி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.