நகக்கண்ணில் வந்த நோய்

நான் வைரஸ் ஆராய்ச்சி பண்ணுனவன். தக்காளி இலையில மஞ்சளும் பச்சையுமா தேமல் விழவைக்கிற வைரஸ். மனுசனை அது ஒண்ணும் செய்யாது. கண்ணுக்குத் தெரியாத குச்சி மாதிரி இருக்கும். அதை வரிசையா அடுக்கி, மேல எலும்பு செல்லைக் கொடி மாதிரி படர விடுறதுதான் எங்க ஆய்வு. ஒடைஞ்ச எலும்புக்குப் பந்தல் போடப்போறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஒருநாள் காலையில தேவாரம் ஊருல, நோய் விழுந்த தோட்டத்துல ஆய்வுக்கு இலை பறிச்சேன். மத்தியானச் சோத்துக்கு டவுன் பஸ் மாறி, காமயகவுண்டன்பட்டி அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். மச்சான் அந்த வருசம் தக்காளிதான் போட்டிருந்தாக. மகளை மதுரையில காலேஜ்ல சேக்குறதுக்கு அதைத்தான் நம்பியிருந்தாக.

சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே பாடம் எடுத்தேன். இந்த நோய் காத்துல வராது, ஆளுக கையிலதான் வரும். நோய்ச்செடியைத் தொட்டா பால்ல கை கழுவணும், நகக்கண்ணைக்கூட விடக்கூடாதுன்னேன். அக்கா மக வாயைப் பாத்துக்கிட்டே கேட்டா. சாப்பிட உக்காரும்போது நான் தண்ணியில விரலை நனைச்சதோட சரி.

அப்புறம் தோட்டத்துக்குப் போனோம். மச்சான் பக்கக் கொழுந்து கிள்ளிக்கிட்டிருந்தாக. படிச்சவனுக்கும் தோட்ட வேலை தெரியும்னு காட்ட வேணாமா? நாலு வரிசையை நகத்தாலயே கிள்ளித் தள்ளுனேன். மச்சானுக்கு ஒரே பெருமை.

மூணு வாரத்துல மச்சான்கிட்ட இருந்து போன் வந்துச்சு. இலையெல்லாம் ஒருமாதிரி இருக்கு, வந்து பாத்துச் சொல்லுன்னாக. போனேன். மொத நாலு வரிசைதான் ரொம்ப மோசம். அதுல இருந்து அடுத்த வரிசைக்கு, அவுகளே கிள்ளிக் கிள்ளிப் பரப்பியிருந்தாக. நான் கிள்ளுன அதே நாலு வரிசை. மண்ணு மேல, விதை மேல பழி போட்டுட்டு வந்திருக்கலாம். கோழைப்பய நான், அதையும் ஒரு நிமிசம் யோசிச்சேன்.

"நான்தான் மச்சான் கொண்டாந்தேன். என் கையில வந்தது"ன்னேன்.

மச்சான் ஒரு செடியைப் புடுங்கி வரப்புல போட்டாக. "சாப்ட்டுட்டுப் போ"ன்னு மட்டும் சொன்னாக. அதுக்கு அவுக என்னைய நாலு அறை விட்டிருக்கலாம்.

அந்த வருசம் அக்கா மக காலேஜ் போகல. வீட்டுல இருந்தா. நான் எலும்புப் பந்தலைப் பத்திக் கட்டுரை எழுதிக் கைதட்டு வாங்குனேன்.

மறு வருசமும் மச்சான் தக்காளிதான் போட்டாக. போய்ப் பாக்க எனக்கு மூஞ்சி இல்ல, இருந்தாலும் போனேன். தோட்டத்து வாசல்ல அக்கா மக நின்னா, கையில ஒரு செம்புப் பால். யாரும் சிரிக்கல. குனிஞ்சு கையை நீட்டுனேன். ஊத்துனா. உதறிட்டு உள்ள போகக் காலெடுத்து வச்சேன்.

"மாமா,"ன்னா. "நகக்கண்ணு."