கூரை வரைக்கும் தூக்கிய சுவர்

ஜெர்மன் சண்டை முடிந்து, ரப்பர் விலை விழுந்து, செமோர் ஊர்ப் பக்கத்தில் மூடிக் கிடந்த எங்கள் தோட்டத்தை மறுபடி திறந்த வருஷம் நடந்தது இது. பாதி மரங்களைக் காடு மூடியிருந்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தைக் கறையான் தின்றிருந்தது. புது லயம் கட்டும் வேலை என் பக்கத்து வீட்டுத் தச்சருக்கு. அந்தச் சண்டைக்குக் கூலிப் படையில் பஸ்ராவுக்குப் போய் உயிரோடு திரும்பியவர் என்று அவருக்குத் தனி மரியாதை. எனக்கு இருந்த மரியாதை, வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பது மட்டும்தான்.

பழைய லயத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறப்பு. கள்ளுக்கடையிலிருந்து தச்சர் திரும்பினால், அவர் மனைவி அடி வாங்குவது லயம் முழுக்கக் கேட்கும். போய்த் தடுக்க எனக்குத் தைரியம் கிடையாது. இருந்த இடத்திலிருந்தே கத்துவேன்.

"அண்ணே, எனக்கு இங்க சோறு எறங்கல! அக்காகிட்டச் சொல்லி ஒரு ஊறுகா வீசுங்க!"

லயமே சிரிக்கும். "தின்னே சாவுடா, கோமாளிப் பயலே" என்று அவரும் சிரித்துவிடுவார். கை நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் இலையில் சுருட்டிய எலுமிச்சை ஊறுகாய் சுவருக்கு மேலாக வந்து விழும். வீசுவது அந்த அக்காதான்.

ஒரு நாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டில், புது லயத்துக்கு என்ன வேண்டும் என்று துரை கேட்டார். கிணறு என்றார்கள், கக்கூஸ் என்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

"சுவரக் கூரை வரைக்கும் தூக்கிருங்க ஐயா. பக்கத்து வீட்டுக் கூத்தக் கேட்டுக் கேட்டு காது வலிக்குது."

கணக்கெழுதும் கிராணி அதை இங்கிலீஷில் சொன்னதும் துரையே சிரித்துவிட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் கிணற்றடியில் கேட்டார்.

"இனிமே ஊறுகா எப்படித் தம்பி கேப்ப?"

"கதவத் தட்டிக் கேக்குறேன்க்கா."

சுவரைத் தச்சரே எழுப்பினார். இரண்டு அடுக்குப் பலகை, நடுவில் மரத்தூள், கூரை வரைக்கும். குடியேறிய பிறகு ஒரு சத்தமும் இல்லை. "மனுசன் திருந்திட்டாரு" என்றாள் என் வீட்டுக்காரி. நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. ஒரு நாளும் கதவைத் தட்டவில்லை.

மூன்றாம் மாதம் பெரட்டில் அக்காவின் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பதில் இல்லை. வேலை வாங்கும் மண்டோர் என்னைத்தான் போய்ப் பார்க்கச் சொன்னார். அன்றுதான் அந்தக் கதவை முதல் தடவையாகத் தட்டினேன். தச்சர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா அடுப்போரம் கிடந்தார். முகம் முழுக்கக் காயம், உடம்பு சில்லிட்டிருந்தது.

வழுக்கி விழுந்து செத்ததாகத் தோட்டத்து ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு லயம் கட்டப் பாக்கி, தச்சர் இல்லாமல் ஆகாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் பலகை அறுக்கப் போனார். வெளியிலிருந்து வருகிற துரைமார்களுக்கு எங்கள் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார்கள்.

சோறு இறங்கவில்லை என்று அப்போது விளையாட்டாகக் கத்தினேன். இன்றைக்கு அதே சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிஜமாகவே இறங்காமல் தட்டைத் தள்ளிவைக்கிறேன், கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்க யாரும் இல்லை.