எங்கள் தெருவில் புள்ளி இல்லை

நர்சம்மா வந்த அன்று வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் நானும் இருந்தோம். அப்பா கடலில் இருந்தார். தங்கச்சி பாயில் சுருண்டு கிடந்தாள். இரண்டு நாளாகச் சீதபேதி, அன்று காலையில் ரத்தமும் சேர்ந்து போயிருந்தது. அம்மா அவள் மேல் ஒரு புடவையைப் போர்த்திவிட்டு என்னை வாசலுக்கு அனுப்பினாள். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் நான். ஆபீஸ்காரர்களிடம் பேசுவது என் வேலை.

"யாருக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லு. சீக்குக் குப்பம்னு தெரிஞ்சா மீன் எடுக்க வர்ற வண்டி நிக்காம பூடும்."

அப்படியே சொன்னேன். நர்சம்மா எழுதிக்கொண்டு போனார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். இரண்டு தெரு, இரண்டு குழாய். கடலோரத் தெருவில் மீனை நம்பிப் பிழைக்கிற நாங்கள். ரோட்டோரத் தெருவில் மறைமலைநகர் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். அவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை, கேட்டதும் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். நர்சம்மா குப்பத்தைப் படமாக வரைந்து அங்கன்வாடிச் சுவரில் ஒட்டி, பேதி கண்ட வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தார். தண்ணீரில் அமீபா என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, குடலைப் புண்ணாக்கும், புள்ளி எங்கே கூடுகிறதோ அங்கேதான் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று எங்களுக்கு விளக்கினார். ரோட்டோரத் தெருவில் ஏழு புள்ளி. எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. பொய் சொன்னவனே நான்தான், இருந்தாலும் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மறுநாள் ரோட்டோரக் குழாயைச் சாக்கு சுற்றிக் கட்டினார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை எல்லோரும் எங்கள் குழாயில்தான் பிடிக்க வேண்டும்.

"இன்னா அண்ணி, எங்க தண்ணி தித்திக்குதா?" என்று பக்கத்து வீட்டு அத்தை வரிசையில் நின்றவளை வம்புக்கு இழுத்தாள்.

"உங்க தெருவுல சீக்கே இல்லயாமே. அதான் வந்துகினு கீறோம்."

அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவள் வீட்டிலும் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

எங்கள் தெருவில் ஆள் படுத்திருக்கும் வீடுகளை மனசுக்குள் எண்ணினேன். பதினொன்று. ரோட்டோரத்து ஏழு வீட்டிலும் படுத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தினமும் போகிற வழியில் எங்கள் குழாயில் வாய் வைத்துக் குடிப்பவர்கள். வீட்டுக்கு ஓடினேன். அம்மா அந்தத் தண்ணீரைத்தான் தங்கச்சிக்கு டம்ளர் டம்ளராகப் புகட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சியின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. காலைத் தொட்டேன், ஐஸில் வைத்த மீன் மாதிரி ஜில்லென்றிருந்தது.

"குடுக்காத," என்றேன்.

"போடா அந்தாண்ட. தண்ணி குடுக்காம சாவடிக்கச் சொல்றியா?"

அங்கன்வாடிக்கு ஓடினேன். ஆயா சமையலில் இருந்தார். மேசையில் கிடந்த சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து எங்கள் வீட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தேன். அதோடு நிறுத்தத் தெரியவில்லை. அத்தை வீடு, எதிர் வீடு என்று பதினொன்றையும் வைத்துவிட்டேன். அவசரத்தில் சில புள்ளிகள் வீட்டைத் தாண்டி விழுந்தன.

நர்சம்மா வந்து படத்தைப் பார்த்தார், யார் வைத்தது என்று கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் எங்கள் வாசலில் ஆட்டோ நின்றது. தங்கச்சியைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புதிதாகத் தோண்டிய கக்கூஸ் குழியை ஒட்டிப் போன எங்கள் தெருப் பைப் உடைந்திருப்பதை மறுநாள் கண்டுபிடித்தார்கள். அதற்குள் எங்கள் குழாயில் குடம் பிடித்த ரோட்டோர வீடுகளில் அடுத்த சில வாரங்களில் மேலும் ஐந்து பேர் படுத்தார்கள்.

"படிக்க வச்சது ஊரக் காட்டிக் குடுக்கத்தானா?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். பிறகு வெகுநாள் என்னிடம் பேசவில்லை.

தங்கச்சி ஆறாம் நாள் நடந்தே வீட்டுக்குள் வந்தாள். அம்மா என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. விவரம் தெரியாமல் பொய் சொல்லச் சொன்னதற்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் விவரம் தெரிந்துதான் சொன்னாள் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. மீன் வண்டி பதினேழு நாள் எங்கள் கரையில் நிற்கவில்லை. பதினெட்டாம் நாள் அப்பா நண்டு வலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார். பதினெட்டாயிரம் ரூபாய்.