எண்ணூர் யோகா மாஸ்டரும் வெளிநாட்டு பர்மிட்டும்

ஊருக்கெல்லாம் மன நிம்மதி சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்த நிம்மதிக்காக விசா ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நிற்பவனுக்குத்தான் யோகா மாஸ்டர் என்று பெயர். வெளிநாட்டுக்கு மனு போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்களே, இது உங்களுக்காக. எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு இன்னும் எரிகிறது.

ஆழமாக இழுங்கள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். எண்ணூரில் ஒரு மொட்டை மாடியில் காலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பாயை விரிக்கும் முன் அனல்மின் நிலையத்திலிருந்து வந்து படியும் சாம்பலைக் கூட்டித் தள்ள வேண்டும். கூட்டி முடிப்பதற்குள் மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து நாற்றம் வந்துவிடும். என் மகள் செல்விக்கு இழுப்பு. “காத்து நல்லா இருக்கிற இடமா பார்த்துப் போங்க” என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லிவிட்டு அவர் அண்ணா நகருக்குப் போய்விடுவார்.

ஒருநாள் வகுப்பில், “ஆழமாக உள்ளே இழுங்கள்” என்றேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கபாலி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“மாஸ்டர், இந்தக் காத்த இழுத்து வெளிய வுடறதுக்கு, இழுக்காமயே குந்திகினு இருந்தா இன்னா?”

டோல்கேட் ஏஜென்ட்

அத்திப்பட்டு மின் நிலையத்துக்கு இயந்திரம் பொருத்த வந்த வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். ஊர் திரும்பும்போது, “எங்கள் ஊருக்கு வந்துவிடு. யாரிடமும் வேலைக்குச் சேர வேண்டாம், சொந்தமாகவே வகுப்பு நடத்தலாம். என் வீட்டு மாடி காலிதான், குடும்பத்தோடு தங்கிக்கொள்” என்றார். வீட்டுக்குப் பின்னால் காடாம். அந்தக் காட்டில் செல்வி ஓடுவதாக நினைத்துப் பார்த்தேன். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

டோல்கேட் ஏரியாவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டிடம் விசாரித்தேன். முதலாளி யார் என்று கேட்டார். நானேதான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வெல்டர்னு சொல்லு, குக்குன்னு சொல்லு, அனுப்பறேன். மூச்சு வுடறதுக்கு எவன் நைனா பர்மிட் குடுப்பான்?”

முதலில் எது?

நானே நேரில் விசா ஆபீஸுக்குப் போய் மனு போட்டேன். அந்த நாட்டில் உனக்கு வாடிக்கையாளர்கள் இருப்பதற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். என்ஜினியர் தன் ஊர் நண்பர்களைக் கேட்டார். முதலில் பர்மிட் வரட்டும், பிறகு சேருகிறோம் என்றார்கள். இந்தக் கூத்தை விசா ஆபீஸ் கவுண்டரில் இருந்த நம்ம ஊர்ப் பெண்ணிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

“டென்ஷன் ஆகாதீங்க சார். யோகா பண்ணுங்க.”

பாராட்டினால் முழுசாகப் பாராட்ட வேண்டும்

என்ஜினியர் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி நண்பர்களிடம் எழுதி வாங்கி அனுப்பினார். அடுத்து, இங்கே என்னிடம் கற்றவர்களின் நற்சான்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரை அளவோடு பாராட்டினால் அது திட்டுவதற்குச் சமம். கல்யாண போஸ்டரில் மாப்பிள்ளையைச் சிங்கம் என்று போடாத தோஸ்து, பந்தியில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் தனம் அக்கா தலைமையில் எல்லோரும் டைப் அடிக்கும் கடைக்குப் படையெடுத்தார்கள். மாஸ்டரால் சர்க்கரை நோய் ஒழிந்தது. மாஸ்டரால் முழங்கால் வலி பறந்தது. மாரடைப்பு வந்தவரை மாஸ்டர் எழுப்பி நடக்கவைத்தார். படித்துவிட்டு, சந்தோஷத்தில் இன்னொரு முறை படித்தேன். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நேர்காணலில் வெள்ளைக்கார அதிகாரி, இத்தனை நோயைக் குணப்படுத்துகிறாயே, மருத்துவ லைசென்ஸ் எங்கே என்று கேட்டார். குனியவும் நிமிரவும்தான் சொல்லித்தருகிறேன் என்றேன். அவர் கடிதங்களை மேசைமேல் பரப்பினார். பக்கத்தில் இருந்தவர் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

“ஒண்ணு, நீங்க லைசென்ஸ் இல்லாத டாக்டர். இல்ல, இவங்க எல்லாரும் பொய் சொல்றாங்க. எதுன்னு சொல்லுங்க.”

அக்காவின் வருத்தம்

பொய்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வேலையை விட்டுவிட்டு டைப் கடையில் காத்துக் கிடந்த ஜனங்களை எப்படிப் பொய்யர்கள் என்பது? கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மனு தள்ளுபடி. அன்று செல்வி, “எப்பப்பா போறோம்?” என்று கேட்டபோது மாடிக்குப் போய் அழுதேன்.

விஷயம் தெரிந்து தனம் அக்கா வந்தார். எதனால் போயிற்று என்று நான் சொல்லவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“என் தப்புதான் மாஸ்டரு. கேன்சரையும் ஒரு வரி சேத்து எழுதியிருந்தா அவன் குடுத்திருப்பான்.”

என்மேல் இவர்களுக்குப் பாசம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் என் மகள் அப்போதே அந்தக் காட்டில் ஓடியிருப்பாள். என்ன செய்வது, எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைப்பது அது ஒன்றுதான்.