சிவப்பு அணியில் அறுபத்தொரு பேர்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. மாலையில் கணினி முன் உட்கார்ந்துவிட்டால் சிவப்பு அணியின் தளபதி. பதினொரு வருடமாக ஒரே ஆன்லைன் விளையாட்டு, ஒரே சர்வர். எதிரணியான நீலத்தின் தளபதி வேறு யாருமில்லை, மாடியில் குடியிருக்கும் அவளுடைய நாத்தனார்தான். காலையில் இருவரும் ஒரே பால் பாக்கெட்டைப் பங்குபோடுவார்கள், மாலையில் கோட்டை வாசலில் வெட்டிக்கொள்வார்கள். நடுவில் மத்தளமானவர் கணவர்.

ஜெயிக்கிற பக்கம்தானே கூட்டம் சேரும். சிவப்பு அணி கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அறுபத்தொரு பேரில் வந்து நின்றது. நீலத்திலோ ஐந்நூற்றிருபது பேர். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எந்த அணியிலாவது நூறு பேருக்குக் குறைந்தால் சர்வரை மூடி, எல்லோரையும் ஆளுக்கொரு சர்வருக்குப் பிரித்து அனுப்பப்போவதாக விளையாட்டு நிறுவனம் அறிவித்தது. அணி மாறலாம், ஆனால் மாறியவர் மூன்று மாதத்துக்குத் திரும்ப முடியாது.

கூட்டாளிகள் திசைக்கொருவராகச் சிதறுவதை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரியிடம் போய் ஆள் கேட்பதா என்று ஒரு வாரம் வீம்பாக இருந்தாள். வெள்ளிக்கிழமை துணி காயப்போடும்போது வாய்விட்டுக் கேட்டேவிட்டாள்.

"ஒரு நாப்பது பேரை எங்க பக்கம் அனுப்பேன்."

"உங்களை அடிக்கலைன்னா எனக்குப் பொழுதே போகாது அண்ணி. வேற வேலை இருந்தா பாருங்க" என்று நாத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

மறுநாள் நான்கரை மணிக்குக் கடையில் டீ குடித்தபடி போனைத் திறந்தவளுக்குப் புரையேறியது. சிவப்பில் ஐந்நூற்று முப்பத்தெட்டு பேர், நீலத்தில் நாற்பத்து மூன்றே பேர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

அதற்குள் நாத்தனாரே கூப்பிட்டாள். "நாப்பது பேர் போனா போதும்னு எங்க ஆளுங்ககிட்ட சொன்னேன் அண்ணி. எந்த நாப்பதுன்னு சொல்லலை. ஆளாளுக்குத் தன்னையே சொல்றதா நினைச்சு மாறிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "முதல்ல மாறினது நான்தான்" என்றாள்.

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இனி நீலத்துக்கு மாறக்கூடியவர்கள் பழைய சிவப்பு ஆட்கள் மட்டும்தான். நிறத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் சர்வர் போய்விடும். தன் அறுபது பேருக்கும் "எல்லாரும் நீலத்துக்கு வாங்க. நான் முன்னால போறேன்" என்று எழுதிவிட்டு மாறினாள். ஒவ்வொருவராக வந்தார்கள். பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே ஒருத்தர் மாறினார். ஆறு மணிக்கு நீலத்தில் நூற்றொரு பேர்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிய கையோடு விளையாட்டைத் திறந்தாள். கோட்டை வாசலில், நானூற்றுச் சொச்சம் பேருக்கு முன்னால், சிவப்புச் சட்டையில் நாத்தனார் நின்றாள். "இப்பவும் நீங்கதான் சின்னக் கூட்டம் அண்ணி" என்று திரையில் எழுதினாள்.

இவள் ஒரே வெட்டில் அவளைச் சாய்த்தாள். மாடியில் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தது கீழே நன்றாகவே கேட்டது.