யாருடைய எலும்பு

தொண்ணூறுகளின் கடைசியில், நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதில், என் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆட ஆரம்பித்தன. நாக்கால் தள்ளிப் பார்ப்பேன், ஆடும். பொய்யாக இருக்கலாமே என்று மறுபடி தள்ளுவேன். மயிலாப்பூரில் பஸ் ஏறித் தி.நகரில் இறங்குவதற்குள் பாதி நோயை நானே வளர்த்துவிட்டிருப்பேன்.

பயத்துக்குக் காரணம் அப்பா. ஐம்பது வயதுக்குள் அவருக்கு எல்லாப் பற்களும் போய்விட்டன. ஈறு நோய்க்கு அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் குறடு ஒன்றுதான். பல்செட்டும் பொருந்தவில்லை. என்னைவிடப் பெரிய கேலிக்காரர். முதலில் சிரிக்கும்போது துண்டால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சிரிப்பு வரக்கூடிய பேச்சையே விட்டார். கடைசி வருடங்களில் கூடத்தில் இருந்தும் இல்லாதவராக இருந்தார்.

தி.நகரில் நான் போய்ப் பார்த்த பல் டாக்டர் ஈறுக்கென்றே மேற்படிப்புப் படித்தவர். என்னைவிட இளையவர். வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடித்துவிட்டுத்தான் கிளினிக்கைத் திறப்பார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பல்லு நல்லா இருக்கு சார். அதைப் பிடிச்சிட்டிருந்த எலும்புதான் கரைஞ்சு போச்சு."

"லேசர்னு பேப்பர்ல பார்த்தேன் டாக்டர். வலியே தெரியாதாமே."

"ஊர்ல ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட வந்திருக்கு. ஈறைச் சுத்தம் பண்ணும். போன எலும்பைக் கொண்டு வராது. ஈறைத் திறந்து, சுரண்டி, குழியில எலும்புப் பொடி வெச்சுத் தைக்கணும்."

"வெச்சா வளருமா?"

"வளர வைக்கப் பார்ப்போம்." எக்ஸ்ரேயைக் கீழே வைத்து, "நீங்க சுத்த சைவமா சார்?" என்று கேட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகான பத்தியத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். நல்ல பெயர் வாங்கிவிடும் ஆசையில், "கேக்குகூட முட்டை போட்டதுன்னா தொடமாட்டேன். அமாவாசைன்னா வெங்காயமும் கிடையாது" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அதான் கேட்டேன். இந்தப் பொடி மாட்டெலும்புல இருந்து எடுக்கறது. நல்லா சூடு பண்ணி, சுத்தம் பண்ணிடறாங்க. இருந்தாலும் சொல்லாம வெக்க மாட்டேன். எங்க வீட்லயும் எதுல இருந்து வந்ததுன்னு கேட்டுட்டுத்தான் வாயில வைப்போம்."

"வேற வழி?"

"உங்க எலும்பையே எடுக்கலாம். கடைசிப் பல்லுக்குப் பின்னாடி இன்னொரு இடத்துல கீறணும்."

'என் எலும்பே போதும்' என்று கம்பீரமாகச் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். கீறல் என்றதும் கம்பீரம் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. வீட்டில் கேட்டுச் சொல்வதாக எழுந்து வந்துவிட்டேன்.

மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"ஈறுக்குள்ளயே நிக்கப் போறதா, வயித்துக்குப் போறதா?"

"நிக்கப் போறது. ஆனா மாடுடி. ஆசாரம்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

"இன்னொரு இடத்துல கீறணும்னதும் பயந்துண்டு ஓடி வந்திருக்கேள். மாட்டு மேல பழியைப் போடாதீங்கோ."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பா பேசாம உக்காந்துண்டிருந்ததை நானும் பாத்தேன். அப்படி ஒருத்தரோட என்னால குடித்தனம் பண்ண முடியாது. எதை வேணா வெச்சுண்டு வாங்கோ."

ஆபரேஷன் அன்றைக்கு ஊசியில் வாய் மரத்துப்போயிற்று. சுரண்டும் ஓசை மட்டும் மண்டைக்குள் கேட்டது. மாட்டெலும்புப் பொடியைக் குழைத்த சின்னக் கிண்ணத்துடன் டாக்டர் குனிந்தார். "வெக்கட்டுமா சார்?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் எனக்கு அப்போது வாய் இல்லை. அவர் கையை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். நான் கண்ணை மூடித் திறந்தேன். அது போதவில்லை போலும். தலையை அசைக்கும்வரை காத்திருந்தார்.

பல மாதம் கழித்துப் புது எக்ஸ்ரே எடுத்தார். ஒவ்வொரு பல்லாக விரலால் அசைத்துப் பார்த்தார். "இது நின்னுடும் சார். பக்கத்துல இருக்கறதை இப்ப சொல்ல முடியாது."

படத்தில் மங்கலாக வெள்ளை தெரிந்தது. "இதுல மாடு எது, நான் எது டாக்டர்?"

அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேலி என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "உங்க எலும்பு அதுக்குள்ள வந்துட்டிருக்கு. பிரிச்சுக் காட்ட முடியலை சார்."

வீட்டுக்கு வந்து, ஒன்று நின்றுவிட்டது, மற்றது சந்தேகம் என்றேன். மனைவி பல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"பேசுவேளோல்லியோ?"

"பேசுவேன்."

அவள் சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள்.